பிறப்புச் சான்றிதழும் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையும்

இங்கிலாந்தில் பிரபுக்களின் வம்சாவளியைச் சொல்ல இரண்டு தடித்த புத்தகங்கள் உண்டு. ஒன்று டெப்ரெட், இன்னொன்று பர்க். யாருக்குப் பின் யார் பட்டத்துக்கு வருவார் என்ற சங்கதியெல்லாம் அவற்றில் இருக்கும். 1958-இல் ஒரு குடும்பத்தின் விஷயத்தில் மட்டும் இரண்டு புத்தகங்களுக்கும் கணக்கு ஒத்துப்போகவில்லை. அயர்லாந்தைச் சேர்ந்த டில்லன் குடும்பத்தில், பட்டத்தில் இருந்தவருக்கு ஒரு தம்பி என்றது டெப்ரெட். இல்லை, தங்கை என்றது பர்க்.

இரண்டு பேரும் ஒருவரே! 1915-இல் பெண் குழந்தையாகப் பதிவான மைக்கேல் டில்லன், ஹார்மோன் சிகிச்சையும் பல அறுவைச் சிகிச்சைகளும் செய்துகொண்டு ஆணாக வாழ்ந்தவர். 1944-இல் பிறப்புப் பதிவையும் திருத்திக்கொண்டார். டப்ளினில் மருத்துவம் படித்து, கப்பல் டாக்டராக வேலை பார்த்தார். டெப்ரெட் அவருடைய பதிவைத் திருத்தியது, பர்க் திருத்தவில்லை. இந்த ஒரு வரி வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு சண்டே எக்ஸ்பிரஸ் பத்திரிகை முழுக் கதையையும் வெளியிட்டது. அப்போது அவருடைய கப்பல் அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்தில் நின்றுகொண்டிருந்தது. நிருபர்கள் அங்கேயும் வந்துவிட்டார்கள்.

டில்லன் யார்மீதும் வழக்குப் போடவில்லை. எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்தியாவுக்கு வந்தார். சாரநாத்தில் பௌத்தம் பயின்றார். ஜீவகா என்ற பெயரில் துறவியானார். லடாக்கில் உள்ள ரிசோங் மடாலயத்தில் சில காலம் இருந்தார். 1962-இல் டல்ஹௌசியில் இறந்தபோது வயது 47.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவருடைய பிறப்புச் சான்றிதழில் குறை எதுவும் இல்லை. அரசாங்கம் எந்தச் சிக்கலும் இல்லாமல் அதை மாற்றிக் கொடுத்திருந்தது. அவரை நாட்டைவிட்டு ஓடவைத்தது பத்திரிகை. அடுத்து வந்தவர்களுக்கு பத்திரிகை, சான்றிதழ் இரண்டுமே பகையாகிவிட்டன.

ஏப்ரல் ஆஷ்லி லிவர்பூலில் பிறந்தவர். 1960-இல் மொராக்கோவின் காசாபிளாங்கா நகரில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, லண்டனில் பெயர் பெற்ற மாடலாக இருந்தார். 1961-இல் இன்னொரு ஞாயிறு பத்திரிகையான பீப்பிள் அவரை அம்பலப்படுத்தியது. மாடலிங் வாய்ப்புகள் நின்றுபோயின. 1963-இல் ஆர்தர் கார்பெட் என்ற பிரபு குடும்பத்து வாரிசு, எல்லாம் தெரிந்தே அவரை மணந்தார். அந்தக் குடித்தனம் சில வாரங்கள்கூட நீடிக்கவில்லை. பின்னால் ஏப்ரல் ஜீவனாம்சம் கேட்டபோது, அவர் பிறப்பால் ஆண், அதனால் நடந்தது திருமணமே இல்லை என்று கணவர் வழக்குப் போட்டார். (தெரிந்தே கட்டிக்கொண்டவர் சொன்ன வாதம் இது!)

1970 பிப்ரவரியில் நீதிபதி ஆர்ம்ராட் கணவர் பக்கம் தீர்ப்பளித்தார். இவர் டாக்டருக்கும் படித்தவர். குரோமோசோம், இனப்பெருக்கச் சுரப்பி, பிறப்புறுப்பு ஆகிய மூன்றும் பிறக்கும்போது எப்படி இருந்தனவோ, திருமணத்தைப் பொறுத்தவரை அதுவே ஒருவருடைய பால், பின்னால் செய்யும் சிகிச்சை எதுவும் அதை மாற்றாது என்றார். ஒரு தம்பதியின் சண்டைக்குச் சொன்ன இந்தத் தீர்ப்பு நாட்டுக்கே சட்டம் ஆனது. டில்லனுக்குத் திறந்த வழி அடைபட்டுப்போனது.

அதன் பிறகு வினோதமான ஒரு நிலை. பாஸ்போர்ட்டில் மாற்றலாம், டிரைவிங் லைசென்ஸில் மாற்றலாம், அறுவைச் சிகிச்சைக்கு அரசு மருத்துவத் திட்டமே செலவு செய்யும். பிறப்புச் சான்றிதழில் மட்டும் கை வைக்க முடியாது. பிறப்புப் பதிவேடு என்பது அன்று நடந்ததைச் சொல்லும் வரலாறு, அதைத் திருத்த முடியாது என்பது அரசின் வாதம்.

உள்நாட்டில் வழியில்லாததால் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் இருக்கும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள். முதலில் போனவர் மார்க் ரீஸ் என்ற திருநம்பி. 1986-இல் 12-க்கு 3 என்று தோற்றார். ஆனால் அந்தத் தீர்ப்பிலேயே, இந்த விஷயத்தை பிரிட்டன் தொடர்ந்து பரிசீலித்து வர வேண்டும் என்று நீதிபதிகள் ஒரு வரி எழுதிவைத்தார்கள். அந்த ஒரு வரிதான் அடுத்தடுத்த வழக்குகளுக்குப் பிடிமானம்.

அடுத்து கரோலின் காஸி. 1981-இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படம் ஒன்றில் சிறிதாகத் தலைகாட்டிய மாடல். நியூஸ் ஆஃப் தி வேர்ல்ட் என்ற, அதுவும் ஞாயிறு பத்திரிகைதான், அவரைத் திருநங்கை என்று போட்டு உடைத்தது. 1989 மே மாதம் லண்டனில் ஒரு யூத ஆலயத்தில் அவருக்குத் திருமணம் நடந்தது. பத்திரிகை மறுபடியும் எழுதியது. ஜூன் மாதமே அந்த உறவு முறிந்தது. 1990-இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் 10-க்கு 8 என்று அவரும் தோற்றார். 1998-இல் ஷெஃபீல்ட், ஹார்ஷம் என்ற இருவரும் 11-க்கு 9 என்று தோற்றார்கள். பரிசீலிக்கச் சொன்னோமே, என்ன செய்தீர்கள் என்று அந்தத் தீர்ப்பில் பிரிட்டனைக் கடிந்துகொண்ட நீதிமன்றம், கடிந்ததோடு நிறுத்திக்கொண்டது.

நான்காவதாக வந்த கிறிஸ்டின் குட்வின் வழக்கு வணிகவியல் மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டியது. ஏனென்றால் அதில் பாதி, பென்ஷன் கணக்கு! அப்போது பிரிட்டனில் பெண்களுக்கு 60 வயதில் அரசு ஓய்வூதியம், ஆண்களுக்கு 65-இல். குட்வின் சட்டப்படி ஆண், ஆகவே 65 வரை தேசிய காப்பீட்டுச் சந்தா கட்ட வேண்டும். 60 தாண்டிய பெண்ணின் சம்பளத்தில் சந்தா பிடித்தால் கம்பெனிக்குச் சந்தேகம் வருமே? அதனால் அவரே நேரடியாக அரசிடம் கட்டும்படி தனி ஏற்பாடு செய்தார்கள். பழைய காப்பீட்டு எண்ணை வைத்துப் புதிய முதலாளி பழைய அடையாளத்தைக் கண்டுபிடிக்கலாம் என்று பயந்து வேறு எண் கேட்டார். மறுத்துவிட்டார்கள். 200 பவுண்டு திருட்டுப் போனபோது, விசாரணையில் தன் அடையாளம் வெளியே வந்துவிடும் என்று போலீசுக்கே போகவில்லை என்றும் நீதிமன்றத்தில் சொன்னார்.

2002 ஜூலை 11-ஆம் தேதி 17 நீதிபதிகளும் ஒருமனதாக அவர் பக்கம் தீர்ப்பளித்தார்கள். இழப்பீடு கிடையாது, வழக்குச் செலவுக்கு 39,000 யூரோ மட்டும். அதே நாளில் அதே மாதிரி இன்னொரு வழக்கும் ஜெயித்தது. நர்சிங் படிப்பில் சேரப் பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள் என்பதற்காகப் பின்வாங்கியவர் அதன் மனுதாரர். தீர்ப்பில் அவருக்குப் பெயர் கிடையாது, 'ஐ' என்ற ஒற்றை எழுத்துதான். மற்றவர்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அந்தரங்கம் வேண்டும் என்று கேட்கப் போனவர்கள், உடம்பைப் பற்றிய விவரம் உட்பட எல்லாவற்றையும் தங்கள் சொந்தப் பெயரில் சட்டப் புத்தகத்தில் பதியக் கொடுக்க வேண்டியிருந்தது.

2004-இல் பாலின அங்கீகாரச் சட்டம் வந்தது. வரலாற்றைத் திருத்த முடியாது என்ற வாதத்துக்கு அது கண்ட தீர்வு, கணக்கு எழுதுபவர்களுக்குப் பழக்கமானது. தவறான பதிவை யாரும் அழிப்பதில்லை, கூடவே திருத்தப் பதிவு போடுவார்கள். அப்படியே பழைய பிறப்புப் பதிவு அங்கேயே இருக்கும், தனிப் பதிவேட்டில் புதிய பதிவு வரும், இரண்டுக்கும் உள்ள தொடர்பு ரகசியம். இதற்கு 34 வருடமா ஆக வேண்டும்? ஏப்ரல் ஆஷ்லிக்கு 2005-இல், எழுபது வயதில், புதிய சான்றிதழ் கிடைத்தது.

சான்றிதழ் சரியானது, பத்திரிகை? ரகசியத்தை வெளியிட்டால் குற்றம் என்ற அந்தச் சட்டத்தின் பிரிவு, அலுவல் முறையில் தெரிந்துகொண்டவர்களைத்தான் கட்டுப்படுத்தியது. பத்திரிகைமீது புகார் சொல்ல 1991 முதல் பத்திரிகைப் புகார் ஆணையம் இருந்தது. அதற்குப் பணம் கொடுத்தது பத்திரிகைத் துறையே, அபராதம் போட அதிகாரம் இல்லை. அதன் விதியில் இன்னொரு ஓட்டை. ஒரு தனி நபரை இழிவுபடுத்தினால்தான் தப்பு, ஒரு கூட்டத்தையே இழிவுபடுத்தினால் தப்பில்லை! 2013 ஜனவரியில் அப்சர்வர் பத்திரிகையில் திருநங்கைகளைக் கேவலமாக எழுதிய கட்டுரைக்கு எதிராக 800-க்கு மேல் புகார்கள் வந்தன. யாரையும் பெயர் சொல்லித் தாக்கவில்லை என்று ஆணையம் தள்ளிவிட்டது.

சரி, தனி நபர் என்றால்? அதே சமயம் லங்காஷயரில் ஓர் ஆரம்பப் பள்ளி ஆசிரியை, தான் இனிப் பெண்ணாக வேலைக்கு வரப்போவதாகப் பள்ளி மூலம் அறிவித்தார். நாடு முழுதும் விற்கும் பத்திரிகையின் பத்தி எழுத்தாளர் ஒருவர் அவரைக் கிண்டல் செய்து எழுதினார். வீட்டு வாசலில் நிருபர்கள் நின்றார்கள். ஆசிரியை ஆணையத்தில் புகார் செய்தார், அந்தப் பத்தி இணையத்திலிருந்து நீக்கப்பட்டது. 2013 மார்ச்சில் அவர் தற்கொலை செய்துகொண்டார். விட்டுச்சென்ற கடிதத்தில் பத்திரிகைகளைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. ஆனாலும் மரண விசாரணை அதிகாரி, பத்திரிகைக்காரர்களைப் பார்த்து, நீங்கள் வெட்கப்பட வேண்டும் என்று நேரடியாகவே சொன்னார்.

2014-இல் அந்த ஆணையம் மூடப்பட்டு வேறொரு அமைப்பு வந்தது. 2016-இல் விதியில் பாலின அடையாளம் என்ற சொல்லும் சேர்ந்தது. தனி நபர் என்ற வரம்பு அப்படியே நின்றது.

இப்போது அடிக்கடி கோர்ட் படி ஏறுவது எதிர்த்தரப்பு. அரசு வாரியங்களில் பெண்களுக்கு இடம் ஒதுக்கும் 2018-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து சட்டத்தில் 'பெண்' என்றால் யார் என்று கேட்டு, ஃபார் விமன் ஸ்காட்லாந்து என்ற அமைப்பு வழக்குப் போட்டது. 2021-இல் தோல்வி, 2022-இல் வெற்றி, அதே ஆண்டு இன்னொரு வழக்கில் தோல்வி, 2023-இல் தோல்வி. கடைசியில் 2025 ஏப்ரல் 16-ஆம் தேதி பிரிட்டன் உச்ச நீதிமன்றம், 2010-ஆம் ஆண்டு சமத்துவச் சட்டத்தில் பெண் என்பது உயிரியல் பாலையே குறிக்கும் என்று ஒருமனதாகச் சொன்னது. பாலின மாற்றம் என்ற தனித் தலைப்பில் திருநர்களுக்கு உள்ள பாதுகாப்பு தொடரும் என்றும் சொன்னது.

அந்த வழக்கில் தன் தரப்பைச் சொல்ல அனுமதி கேட்டு, கிடைக்காமல் போனவர் விக்டோரியா மெக்லவுட். முன்னாள் நீதிபதி, திருநங்கை. 2025 ஆகஸ்டில் அவர் மனு கொடுத்த இடம், மறுபடியும் ஸ்ட்ராஸ்பர்க்.