பிரிட்டிஷ் கொலம்பியாவின் பொறியியலாளர், புவி அறிவியலாளர் சங்கம்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

தொழில்முறைச் சங்கம் என்பது உறுப்பினர் நலனைக் காக்கும் அமைப்பு என்பதே பொதுவான எண்ணம். கனடாவிலோ மாகாணச் சட்டத்தின்வழி அமைந்த சங்கமே பொறியியலாளருக்கு உரிமம் வழங்குகிறது. தவறு நேரின் அதுவே ஒழுங்கு நடவடிக்கையும் எடுக்கிறது. இத்தகைய அதிகாரம் கொண்ட அமைப்பு உறுப்பினருக்கு எவ்வாறு துணைநிற்கிறது என்பதைப் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணச் சங்கத்தின் வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

தோற்றமும் விரிவும்

1920ஆம் ஆண்டுச் சட்டத்தால் இச்சங்கம் பொறியியலாளருக்கென நிறுவப்பெற்றது. 1990இல் புவி அறிவியலாளரும் இதன் வரம்பிற்குள் கொண்டுவரப்பட்டனர். இதனால் நிலத்தின் இயல்பை ஆராய்பவரும் அந்நிலத்தின்மீது எழும் கட்டுமானத்தை வடிவமைப்பவரும் ஒரே நெறிமுறைக்கு உட்பட்டனர். உறுப்பினர் தம் அறிக்கையிலும் வரைபடத்திலும் கையொப்பமும் முத்திரையும் இடுதல் வேண்டும். முத்திரை பொறுப்பைச் சுமத்துகிறது. போதிய ஆய்வின்றி ஒப்புதல் தர இயலாது என மறுப்பதற்குரிய வலிமையையும் அதுவே தருகிறது.

மவுண்ட் பாலி நிகழ்வு

2014 ஆகஸ்டு 4ஆம் நாள் மவுண்ட் பாலி செம்பு, தங்கச் சுரங்கத்தின் கழிவுத் தேக்க அணை உடைந்தது. ஏறத்தாழ 2.5 கோடி கன மீட்டர் நீரும் கழிவும் வெளியேறின. அவற்றுள் ஒரு பகுதி குவெனெல் ஏரியை அடைந்தது. இதனை ஆராய்ந்த மூவர் வல்லுநர் குழு 2015 ஜனவரியில் அறிக்கை அளித்தது. அணையின் அடித்தளத்திற்குக் கீழிருந்த பனிக்கால ஏரிப் படிவின் வலிமைக் குறைவை வடிவமைப்பு கருத்தில் கொள்ளவில்லை என்பது அக்குழுவின் முதன்மை முடிவாகும். புவியியல் அறிவும் பொறியியல் கணிப்பும் இணைய வேண்டிய இடத்திலேயே குறை நேர்ந்தது என்பது இதனால் புலனாகிறது.

குழுவின் பரிந்துரையை ஏற்று, அணை அடித்தள ஆய்வுக்கான வழிகாட்டு நெறிகளைச் சங்கம் 2016இல் வெளியிட்டது. அணை உரிமையாளர், பொறியியலாளர், புவி அறிவியலாளர் ஆகியோரின் பொறுப்புகளை அது வரையறுத்தது. ஆய்வு முறையாக நடந்ததை உறுதிசெய்யும் சான்றுப் படிவத்தையும் அளித்தது. செலவு கருதி ஆய்வைச் சுருக்க முற்படும் உரிமையாளரிடம் கூடுதல் துளையாய்வு தேவை என வாதிடுபவருக்கு இது பெருந்துணையாகும். தனியொருவரின் அச்சம் என ஒதுக்கப்படக்கூடிய கருத்து, இந்நெறிகளால் தொழில் முழுமைக்கும் உரிய அளவுகோலாகிறது. அதே சங்கம் அவ்வணைப் பணியில் ஈடுபட்ட பொறியியலாளர் மூவர்மீது ஒழுங்கு நடவடிக்கை மேற்கொண்டதும் குறிப்பிடத்தக்கது.

முடிவுரை

2021இல் நடைமுறைக்கு வந்த தொழில்முறை ஆளுகைச் சட்டம், பொதுநலன் காத்தலையே சங்கத்தின் தலையாய கடமையாக வலியுறுத்துகிறது. இது உறுப்பினர் நலனுக்கு எதிரானது எனக் கருதத் தேவையில்லை. நிலத்தினடியில் உள்ளதை உள்ளவாறு உரைக்கும் உறுப்பினருக்கு நெறிகளின் கண்டிப்பே பாதுகாப்பாகிறது. எனினும் மவுண்ட் பாலியில் அந்நெறிகள் அணை உடைந்த பின்னரே உருவாயின. துணையும் கண்டிப்பும் பேரிடருக்கு முன்னரே ஒருங்கே அமைதல் வேண்டும் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.