இரண்டு மில்லிமீட்டர்

பி.எஸ்ஸி. முதலாண்டு, மதுரை. பிசிக்ஸ் லேபில் எனக்கு விழுந்த முதல் எக்ஸ்பெரிமென்ட் காம்பவுண்ட் பெண்டுலம். வரிசையாகத் துளையிட்ட ஒரு உலோகப் பட்டை. ஒவ்வொரு துளையிலும் மாட்டித் தொங்கவிட்டு, இருபது அலைவுக்கு எவ்வளவு நேரம் என்று ஸ்டாப்வாட்சில் பார்க்கணும். கிராஃப் போட்டால், அதே வேகத்தில் ஆடக்கூடிய தனி ஊசலின் நீளம் கிடைக்கும். அதிலிருந்து புவியீர்ப்பு முடுக்கம்.

எனக்கு 9.78 வந்தது. புத்தகத்தில் 9.81.

"நீளத்தைக் கொஞ்சம் கூட்டிக்கோடா" என்றான் பக்கத்து டேபிள் நண்பன். கூட்டினேன். 65 சென்டிமீட்டரில் வெறும் இரண்டு மில்லிமீட்டர். ரெக்கார்டில் கையெழுத்தும் வாங்கியாச்சு.

ழான் ரிஷேரைப் பற்றி வாசித்தது ரொம்ப நாள் கழித்து. 1672இல் பாரிஸ் அறிவியல் அகாதெமி அவரைத் தென் அமெரிக்காவின் கயேனுக்கு அனுப்பியது. முக்கிய வேலை செவ்வாயைக் கவனிப்பது. ஆனால் அங்கே ஊசல் கடிகாரம் நாளுக்குச் சுமார் இரண்டரை நிமிடம் பின்தங்கியது. சரியாக நொடி காட்ட ஊசலைக் குறைக்க வேண்டியிருந்தது. எவ்வளவு? மூன்று மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் கம்மி.

அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் கடிகாரத்தைத் திட்டிவிட்டுப் போயிருப்பேன். கடல் தாண்டி வந்த கருவி. போதாததற்கு வெயிலில் உலோகம் நீளும். பிக்கார் என்கிற பெரிய வானியலாளர் ஏறக்குறைய அதே காலத்தில் வடக்கே டைக்கோ பிராஹேயின் பழைய வானாய்வகத்தில் அளந்து, பாரிஸ் நீளமேதான் வருகிறது என்று சொல்லியிருந்தார். பாரிஸில் இருந்த காஸினிக்கும் ரிஷேரின் அளவில்தான் சந்தேகம். ரிஷேர் செய்தது ஒன்றுதான்: பத்து மாதம், வாரம் தவறாமல், திரும்பத் திரும்ப அளந்தார். 1679இல் அந்தக் குறைந்த நீளத்தையே அச்சில் போட்டார். 1687இல் நியூட்டன் 'பிரின்ஸிபியா'வில் அதை எடுத்துக்கொண்டார். பூமி சுழல்கிறது, நடுவில் புடைத்திருக்கிறது. அதனால் நிலநடுக்கோட்டுப் பக்கம் ஈர்ப்பு குறைவு.

9.81 என்பது பாரிஸ், லண்டன் பக்கத்து எண். நிலநடுக்கோட்டிலிருந்து பத்தே டிகிரி தள்ளியிருக்கும் மதுரையில் அது 9.78.

சரியான விடையைத்தான் அழித்திருக்கிறேன் என்று ஒரு நாள் முழுக்க எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முப்பது நொடி ஆட்டத்தில் ஸ்டாப்வாட்சைப் பத்தில் ஒரு நொடி தாமதமாக அழுத்தினாலே விடை 0.06 நகர்ந்துவிடும். 9.78, 9.81 இரண்டுமே என் விரலின் தடுமாற்றத்துக்குள்தான் இருந்தன. 'இவ்வளவு கூடலாம், இவ்வளவு குறையலாம்' என்று எழுத எங்கள் ரெக்கார்டில் இடமே கிடையாது. யாரும் கேட்கவும் இல்லை.

ஆனால் 'ட்ரையல் 2' என்று ஒரு கட்டம் இருந்தது. அதற்காக நான் பட்டையை ஆட்டவே இல்லை. ட்ரையல் 1ஐப் பார்த்து, அங்கங்கே 0.1, 0.2 மாற்றி எழுதிவிட்டு கேன்டீனுக்குப் போய்விட்டேன்.