கராச்சிக் குரல், பெங்களூர் இசை, லண்டன் பதிவு

நாசியா ஹசன், சோஹேப் ஹசன் என்ற அக்கா தம்பி எப்படி எழுந்து வந்தார்கள் என்பதுதான் இன்றைய பேச்சு.

1979 ஜூலை 12. சிகாகோவில் ஒரு பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். அமெரிக்காவில் டிஸ்கோவுக்கு இறங்குமுகம். அடுத்த ஆண்டே நம் பக்கம் அதற்கு ஏறுமுகம்.

காரணமானவர்களில் ஒருவர் பிட்டு. பெங்களூரில் பிறந்து, 1960களின் கடைசியில் இங்கிலாந்து போனவர். 1974இல் கார்ல் டக்ளஸ் பாடிய 'குங் ஃபூ ஃபைட்டிங்' இவர் தயாரித்ததே. இசைத்தட்டின் பின்பக்கத்துக்கென்று பதிவான பாட்டு, பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்தது.

கராச்சியில் 1965இல் பிறந்த நாசியா லண்டனில் வளர்ந்தவர். இங்கிலாந்தில் ஒரு விருந்தில் அவரைச் சந்தித்த இயக்குநர் ஃபெரோஸ் கான், பிட்டுவிடம் அனுப்பினார். 'குர்பானி' (1980) படத்துக்குக் கல்யாண்ஜி ஆனந்த்ஜி இசை. 'ஆப் ஜைசா கோயி' மட்டும் பிட்டு. பள்ளி வயதிலேயே நாசியாவுக்கு ஃபிலிம்ஃபேர் விருது.

உண்மையான திருப்பம் 1981இல். 'டிஸ்கோ தீவானே' இசைத்தொகுப்பில் தம்பியும் சேர்ந்தார். அதற்குப் படமே கிடையாது. சினிமா வழியாகத்தான் பாட்டு வீட்டுக்குள் வரும் என்றிருந்த நாடுகளில், நாயகனோ நாயகியோ வாயசைக்காத பாட்டுகள் விற்றுத் தீர்ந்தன. 1982இல் 'பூம் பூம்', 1984இல் 'யங் தரங்' என்று தொடர்ந்தார்கள்.

இந்தியப் பள்ளியும் பாகிஸ்தான் பள்ளியும் இதே ஈசா டவுனில் இருக்கின்றன. அந்தப் பாட்டு யாருடையது என்று இங்கே கேட்டால், "எங்கள் ஊர்ப் பெண்" என்பார் ஒருவர், "எங்கள் படப் பாட்டு" என்பார் இன்னொருவர். இரண்டும் சரிதான். ஆனால் அது உருவான இடம் கராச்சியும் அல்ல, பம்பாயும் அல்ல. ஊரைவிட்டுப் போனவர்கள் கூடிய லண்டன்.

இதை இலக்கிய மேடையில் ஏன் சொல்கிறேன்? புலம்பெயர்ந்தவர் எழுத்து என்றாலே ஊர் ஏக்கம் என்று நாமே வேலி போட்டுக்கொண்டோம். ஏக்கம் பொய்யல்ல, இரவுப் பணி முடிந்து வரும்போது எனக்கும் அது உண்டு. அந்த மூவரோ விட்டு வந்த ஊரின் பழைய பாட்டைத் திரும்பப் பாடவில்லை. ஊரில் அதுவரை இல்லாத ஒன்றைச் செய்து, ஊருக்கே அனுப்பினார்கள்.

2000 ஆகஸ்ட் 13 அன்று, நுரையீரல் புற்றுநோயால் லண்டனில் நாசியா இறந்தார். வயது 35. 2012இல் ஓர் இந்திப் படம் 'டிஸ்கோ தீவானே'யை மறுபடி எடுத்துக்கொண்டது. அதற்கு ஆடிய பிள்ளைகள் பலர் அந்தப் பாட்டு பிறந்தபோது பிறந்திருக்கவே இல்லை.

இங்கிருந்து நாம் ஊருக்கு என்ன அனுப்புகிறோம்? கேள்வியை உங்களிடம் விடுகிறேன்.