சாலைக்குக் கதவு போட முடியுமா? பெருந்தொற்றும் மிதிவண்டிப் பந்தயங்களும்

“கோறனி நச்சில் பரவலால் உலகமெங்கும் விளையாட்டுப் போட்டிகள் நிறுத்தப்பட்டன.” மாணவர் கட்டுரைகளில் இந்த வாக்கியத்தை ஆசிரியர்கள் எல்லாருமே பார்த்திருப்போம். பிழை ஒன்றும் இல்லை. ஆனா, வரலாற்றுக் கண்ணோடு பார்த்தா அது பாதி உண்மைதான். எல்லா விளையாட்டும் ஒரே மாதிரி நிற்கவில்லை. ஒரே மாதிரி திரும்பி வரவும் இல்லை. சில போட்டிகளைக் காப்பாற்ற ஓர் ஆண்டின் நாள்காட்டியையே மாற்றி எழுதினார்கள். வேறு சில போட்டிகள் ஓர் அறிக்கையோடு முடிந்துபோயின. எது காப்பாற்றப்பட்டது? எது கைவிடப்பட்டது? ஏன்? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை தேடுவதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம். எடுத்துக்காட்டாக நான் எடுத்துக்கொண்ட விளையாட்டு, சாலை மிதிவண்டியோட்டம்.

திடல் இல்லாத விளையாட்டு

பூப்பந்துக்கு அரங்கம் இருக்கு. காற்பந்துக்குத் திடல் இருக்கு. நோய் பரவினால் வாசலைப் பூட்டிவிட்டு, உள்ளே ஆட்டத்தை நடத்தி, தொலைக்காட்சியில் காட்டலாம். ஜெர்மனியின் பண்டஸ்லீகா காற்பந்து அப்படித்தான் 2020 மே 16-ஆம் நாள் ரசிகர்கள் இல்லாமல் திரும்பியது. அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து இன்னும் ஒரு படி மேலே போனது. 22 அணிகளை ஃபுளோரிடாவில் உள்ள டிஸ்னி வளாகத்துக்குள் தங்கவைத்து, ஜூலை இறுதியில் ஆட்டங்களைத் தொடர்ந்தது.

சாலை மிதிவண்டியோட்டத்தில் இது முடியாது. அதற்குச் சாலைதான் திடல். டூர் டி பிரான்ஸ் போட்டியில் 21 கட்டங்கள். 2020-இல் மொத்தத் தொலைவு ஏறக்குறைய 3,480 கிலோமீட்டர். 22 அணிகள், 176 வீரர்கள். அவர்களோடு பயிற்றுநர், மருத்துவர், பழுதுபார்ப்பவர், செய்தியாளர் என்று பெரிய பட்டாளமே ஊர் ஊராக நகர்கிறது. இரவில் வெவ்வேறு விடுதிகளில் தங்குகிறது. வீரர்களும் நூற்றுக்கு மேற்பட்டவர்களாக ஒருவரையொருவர் உரசிக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க ஓட்டுகிறார்கள். தொற்றுநோய்க்கு இதைவிட வசதியான இடம் உண்டா?

விடுதிக்குள் அடைபட்ட பந்தயம்

முதல் அடி பாலைவன நாட்டில் விழுந்தது. 2020 பிப்ரவரி இறுதியில் ஐக்கிய அரபுச் சிற்றரசுகளில் ஏழு கட்டப் பந்தயம் நடந்துகொண்டிருந்தது. ஐந்தாவது கட்டம் முடிந்த அன்றிரவு, அதாவது பிப்ரவரி 27-ஆம் நாள், இத்தாலியைச் சேர்ந்த பணியாளர் இருவருக்குத் தொற்று இருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தது. எஞ்சிய இரு கட்டங்களும் இரத்தாயின. முன்னணியில் இருந்த ஆடம் யேட்ஸ் வெற்றியாளரானார். ஆனா, யாரும் கொண்டாடவில்லை. வீரர்கள் அபுதாபி விடுதியிலேயே தடுத்து வைக்கப்பட்டுச் சோதிக்கப்பட்டார்கள். சில அணிகள் மற்றவர்கள் போன பிறகும் பல நாள் அங்கேயே இருக்க வேண்டியதாயிற்று.

அடுத்து, மார்ச் மாதம் பிரான்சில் பாரிஸ்–நீஸ் பந்தயம். பல பெரிய அணிகள் வரவில்லை. மார்ச் 15-இல் முடிய வேண்டிய அந்தப் பந்தயத்தை ஒரு நாள் முன்னதாகவே முடித்துக்கொண்டார்கள். அதோடு சரி. உலகத் தொடர்ப் பந்தயங்கள் மீண்டும் தொடங்க ஆகஸ்டு 1 ஆனது. நான்கரை மாத அமைதி.

அந்த அமைதியும் எல்லாருக்கும் சமமாக இல்லை. ஸ்பெயினில் ஏறக்குறைய ஏழு வாரங்களுக்கு வீரர்கள் சாலையில் இறங்கவே முடியவில்லை. வீட்டுக்குள் நிலையாகப் பொருத்திய சைக்கிளில் மிதித்துக்கொண்டிருந்தார்கள். பெல்ஜியத்தில் வெளியே பயிற்சி செய்யத் தடை இல்லை. ஒரே பந்தயத்துக்குத் தயாராகும் இருவரில், ஒருவருக்கு மலைச்சாலை. இன்னொருவருக்கு வீட்டுக் கூடம்.

ஏப்ரல் 15: ஒரே நாளில் இரண்டு அறிவிப்புகள்

டூர் டி பிரான்ஸ் 2020 ஜூன் 27-இல் தொடங்க வேண்டியது. பெரிய கூட்டங்களுக்குப் பிரான்ஸ் அரசாங்கம் தடை விதித்ததும், ஏப்ரல் 15-ஆம் நாள் புதிய தேதி அறிவிக்கப்பட்டது: ஆகஸ்டு 29 முதல் செப்டம்பர் 20 வரை.

அதே ஏப்ரல் 15-ஆம் நாள் நம் நாட்டிலும் ஓர் அறிவிப்பு வந்ததே, நினைவிருக்கா? அந்த ஆண்டின் யு.பி.எஸ்.ஆர்., பி.டி.3 தேர்வுகள் இரத்து, எஸ்.பி.எம். தேர்வு மறு ஆண்டுக்குத் தள்ளிவைப்பு. இரண்டு அறிவிப்புகளுக்கும் தொடர்பு கிடையாது. ஆனா, அவற்றின் உள்ளே இருக்கும் சிந்தனை ஒன்றுதான். நெருக்கடியில் எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது. எதை விட்டால் மற்றவை எல்லாம் சரிந்துவிடுமோ, அதைத் தள்ளிவைப்பார்கள். மற்றதை இரத்துச் செய்வார்கள்.

மிதிவண்டியோட்ட உலகில் அந்த ‘விடமுடியாத’ போட்டி டூர் டி பிரான்ஸ். அதை முதலில் பொருத்திவிட்டு, மீதி இடத்தில்தான் மற்ற பந்தயங்களைத் திணித்தார்கள். மே மாதத்தில் ஹங்கேரியில் தொடங்கவேண்டிய இத்தாலியச் சுற்றுப்பயணப் பந்தயம் அக்டோபருக்குப் போய், சிசிலித் தீவில் தொடங்கியது. ஸ்பெயினின் வுவேல்டா 21 கட்டத்திலிருந்து 18 கட்டமாகச் சுருங்கி, அக்டோபர் 20-இல் ஆரம்பித்தது. விளைவு? அக்டோபர் 20 முதல் 25 வரை இரண்டு மாபெரும் பந்தயங்கள் ஒரே நேரத்தில் ஓடின.

டூர் டி பிரான்ஸ் போட்டிக்கான விதி கடுமையாக இருந்தது. ஒரே அணியில் ஏழு நாளுக்குள் இருவருக்குத் தொற்று உறுதியானால், அணி முழுவதும் வெளியேற்றப்படலாம். இரு ஓய்வு நாள் சோதனைகளிலும் ஒரு வீரருக்குக்கூடத் தொற்று இல்லை. ஆனா பந்தயத்தின் இயக்குநர் கிறிஸ்தியான் புருதோமுக்கே தொற்று உறுதியாகி, அவர் ஒதுங்கியிருக்க நேர்ந்தது. கடைசிக்கு முந்தைய நாள் 57 விநாடி முன்னணியில் இருந்த பிரிமோஷ் ரோக்லிச்சை, அதே ஸ்லோவேனியாவைச் சேர்ந்த தடேய் பொகாச்சர் தனிநபர் நேரப் பந்தயத்தில் வீழ்த்தினார். பாரிசில் மகுடம் சூடிய மறுநாள்தான் அவருக்கு 22 வயது நிறைந்தது. 1904-க்குப் பிறகு அவ்வளவு இளைய வெற்றியாளர் இல்லை.

இத்தாலியில் கதை வேறு. அக்டோபரில் அங்கே சைமன் யேட்ஸ் தொற்றினால் விலகினார். அடுத்த ஓய்வு நாள் சோதனைக்குப் பிறகு மிட்செல்டன்–ஸ்காட், ஜம்போ–விஸ்மா என்ற இரண்டு அணிகள் முழுவதுமாக வீடு திரும்பின. ஒரே ஆண்டு, ஒரே விளையாட்டு, ஒரே மாதிரியான பாதுகாப்பு வளையம். ஓரிடத்தில் தாங்கியது, இன்னோரிடத்தில் கிழிந்தது.

நுழைவுச்சீட்டு இல்லாத வருமானம்

டூர் டி பிரான்ஸை இவ்வளவு பிடிவாதமாகக் காப்பாற்றியது ஏன்? பணம் எப்படி வருது என்று பார்த்தா விடை கிடைக்கும். சாலையோரத்தில் நின்று பார்ப்பவர் காசு கொடுப்பதில்லை. தொலைக்காட்சி உரிமைப் பணம் பெரும்பாலும் பந்தயத்தை நடத்தும் நிறுவனத்துக்குப் போகுது. அணிகள் பிழைப்பது, சட்டையில் பெயர் போட்டுக்கொள்ளும் ஆதரவு நிறுவனங்களின் பணத்தில்தான். அந்தப் பெயர் உலகம் முழுவதும் தெரிவது ஜூலை மாதத்து மூன்று வாரங்களில். அது இல்லையென்றால் ஆதரவு நிறுவனத்துக்கு அணியே தேவையில்லை.

போலந்தின் சி.சி.சி. நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது காலணிக் கடைகள் நடத்தும் நிறுவனம். ஊரடங்கில் கடைகள் மூடின. அதன் பெயரில் ஓடிய அணிக்கான பணமும் சுருங்கியது. 2020 முடிவில் அந்த அணியே இல்லாமல் போனது. 2011-இல் கேடல் எவன்ஸ் டூர் டி பிரான்ஸ் வென்றபோது, இதே அணி பி.எம்.சி. என்ற பெயரில் இருந்தது. ஒரு நாட்டில் காலணி விற்கவில்லை. உலக வெற்றியாளரை உருவாக்கிய அணி கலைந்தது. காரணமும் விளைவும் எவ்வளவு தூரம் பயணம் செய்யும் என்பதை மாணவர்களுக்குக் காட்ட இது நல்ல எடுத்துக்காட்டு.

காப்பாற்றப்படாதவர்கள்

இனி மறுபக்கம். 2020-இல் முதன்முதலாகப் பெண்களுக்கான பாரிஸ்–ரூபே பந்தயம் நடக்க வேண்டியது. ஆண்களின் பந்தயம் 1896-இல் தொடங்கியது. பெண்கள் 124 ஆண்டு காத்திருந்தார்கள். அக்டோபருக்கு மாற்றிய தேதியும் இரத்தானது. இன்னும் ஓராண்டு காத்திருந்து, 2021 அக்டோபர் 2-ஆம் நாள் பிரிட்டனின் லிஸி டெய்க்னன் அந்த முதல் பந்தயத்தை வென்றார்.

இளையோரின் இழப்பு இன்னும் பெரிது. 2020-ஆம் ஆண்டின் உலகச் சாலை வெற்றியாளர் போட்டி சுவிட்சர்லாந்தில் நடக்க முடியாமல், இத்தாலியின் இமோலாவுக்கு மாறியது. மூத்தோர் பிரிவு மட்டும் நடந்தது. இளையோர் பிரிவும் 23 வயதுக்குட்பட்டோர் பிரிவும் நடக்கவில்லை. இளம் வீரர்களை அடையாளம் காட்டும் டூர் டி லாவெனீர் போட்டியும் அந்த ஆண்டு இல்லை. மூத்த வீரருக்கு அடுத்த ஆண்டு இருக்கு. இளையோர் பிரிவின் கடைசி ஆண்டில் இருந்த 18 வயதுப் பிள்ளைக்கு அந்தப் பிரிவில் அடுத்த ஆண்டு என்பதே இல்லை. பெரிய அணிகளின் கண்ணில் பட வேண்டிய நாள் வராமலே போச்சு.

நம் பள்ளிகளிலும் இதைத்தானே பார்த்தோம்? 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்த பிறகு, பள்ளி விளையாட்டுப் போட்டிகள் நின்றுபோயின. ஐந்தாம் படிவத்தில் இருந்த ஓட்டக்காரருக்கும் நீச்சல்காரருக்கும் பள்ளிச் சீருடையில் அதுவே கடைசி ஆண்டு. அவர்களுக்கு யாரும் புதிய தேதி அறிவிக்கவில்லை.

மலேசியச் சாலைகளில்

லங்காவி மிதிவண்டிப் போட்டி 2020-இல் பிப்ரவரி 7 முதல் 14 வரை நடந்து முடிந்திருந்தது. மலேசியாவின் சபுரா அணிக்காக ஓட்டிய இத்தாலியர் டானிலோ செலானோ வென்றார். சில வாரம் தாமதித்திருந்தாலும் அது நடந்திருக்காது. 2021-இல் நடக்கவில்லை, 2022 அக்டோபரில்தான் திரும்பியது.

தோக்கியோ ஒலிம்பிக் 2020 மார்ச் 24-ஆம் நாள் ஓராண்டு தள்ளிவைக்கப்பட்டது. 1916, 1940, 1944 ஆகிய ஆண்டுகளில் போரினால் ஒலிம்பிக் இரத்தானதுண்டு. தள்ளிவைக்கப்பட்டது இதுவே முதல் முறை. நம் அசிசுல்ஹஸ்னி அவாங் 32 வயதில் ஓட்டியிருக்க வேண்டிய கெய்ரின் பந்தயத்தை 33 வயதில் ஓட்டினார். வேகத்தை நம்பும் விளையாட்டில் ஒரு வயது சாதாரணமில்லை. இருந்தும் 2021 ஆகஸ்டு 8-ஆம் நாள் வெள்ளிப் பதக்கம் பெற்றார்.

வரலாறு எதைச் சொல்லும்?

டூர் டி பிரான்ஸ் 1903-இல் தொடங்கியது. அது நடக்காத ஆண்டுகள் 1915 முதல் 1918 வரையும் 1940 முதல் 1946 வரையும்தான். இரண்டுக்கும் காரணம் உலகப் போர். 1957-இலும் 1968-இலும் உலகைச் சுற்றிய சளிக்காய்ச்சல்களின்போதும் அது நடந்தது. 2020-இலும் நடந்தது. ஆகவே நூறு ஆண்டு கழித்து வெற்றியாளர் பட்டியலைப் புரட்டுபவருக்கு, 2020-இல் எந்தச் சேதமும் தெரியாது. பொகாச்சரின் பெயர் ஒழுங்காக அங்கே இருக்கும்.

அதனால்தான் பட்டியல் மட்டும் வரலாறு ஆகாது என்கிறோம். நடக்காத பந்தயத்துக்கு வெற்றியாளர் இல்லை. கலைந்த அணிக்கு ஆண்டுவிழா இல்லை. இமோலாவில் ஓட்டாத 18 வயதுப் பிள்ளைகளின் பெயர் எந்தப் பட்டியலிலும் வராது. தேர்வில் “போட்டிகள் நிறுத்தப்பட்டன” என்று எழுதும் மாணவர், “யாருடைய போட்டிகள்?” என்று ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொண்டால் போதும். அடுத்த பத்தி தானாக வரும். அந்தப் பத்தியில் அவருடைய பள்ளியின் ஓட்டக்காரருக்கும் இடம் இருக்கும்.

வகுப்பறைக் கலந்துரையாடலுக்கு

1. ‘தள்ளிவைத்தல்’, ‘இரத்துச் செய்தல்’ ஆகிய இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கட்டுரையில் வரும் எடுத்துக்காட்டுகளுடன் விளக்குக.

2. காற்பந்து, கூடைப்பந்து ஆகியவற்றைவிடச் சாலை மிதிவண்டியோட்டம் பெருந்தொற்றினால் ஏன் வேறு விதமாகப் பாதிக்கப்பட்டது? இரண்டு காரணங்களைத் தருக.

3. “நெருக்கடிக் காலத்தில் புகழ்பெற்ற போட்டிகளைவிட இளையோர் போட்டிகளையே முதலில் காக்க வேண்டும்.” இக்கருத்தை ஏற்கிறீர்களா? காரணம் காட்டி விவாதிக்கவும்.

4. உங்கள் பள்ளியில் 2020, 2021-ஆம் ஆண்டுகளில் நடக்காமல் போன ஒரு போட்டியைப் பற்றி, அதில் பங்கேற்க இருந்த ஒருவரைக் கேட்டறிந்து ஒரு பத்தி எழுதுக.