கண்டிச் சீமைத் துண்டு

பெட்டியின் அடியில் மடித்துப் போட்டிருந்த பழஞ்சேலையை விலக்கி, அம்மாயி ஒரு தகட்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். காசைவிடக் கொஞ்சம் பெரிய வட்டத் தகரம். மேலே கயிறு கோக்க ஓர் ஓட்டை. துரு தின்றது போக ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு மூன்று எண்களும் தெரிந்தன. விரலால் தடவினால் எண்களின் பள்ளம் தட்டுப்பட்டது.

“எங்க தாத்தாவோட துண்டு தம்பி. கண்டிச் சீமைக்குப் போறப்ப கழுத்துல கட்டி விட்டது.”

கோத்தகிரிப் பக்கம், இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்காக அரசு உண்டாக்கிய தேயிலைத் தோட்டம் ஒன்றின் குடியிருப்பு அது. அவருடைய பேரன் தன் சொந்தங்களைத் தேடிக்கொண்டிருந்தான். அதற்கு உதவத்தான் போயிருந்தேன். ஆனால் அன்று இரவு முழுக்க என்னைத் தூங்கவிடாமல் பிடித்துக்கொண்டது அந்தச் சொல். தகரத்தை ஏன் துண்டு என்கிறார்?

துண்டு என்றால் நமக்கு முதலில் தோளில் கிடப்பதுதான் நினைவுக்கு வரும். சொல்லின் வேர் ‘துணி’ என்னும் வினை. துணிதல் என்றால் அறுபடுதல். முடிவெடுப்பதும் துணிதல்தான், ஐயத்தை அறுப்பதால். துணிக்கை, துண்டம், துண்டு எல்லாம் ஒரு குடும்பம். கன்னடத்திலும் மலையாளத்திலும் இதே துண்டு உண்டு. நெய்த நீளத்திலிருந்து அறுத்தெடுத்தது துணியானது, அதிலும் சிறிதாக அறுத்தது துண்டானது. காகிதத்தில் அறுத்தது துண்டுச் சீட்டு. பேச்சில் ‘சீட்டு’ உதிர்ந்துபோய், துண்டு என்றாலே எழுதிக் கொடுத்த சிறு காகிதம் என்றும் ஆயிற்று. மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுவார்கள். மாட்டுக்காரருக்கும் வாங்குகிறவருக்கும் தெரிவது பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. வரவைவிடச் செலவு மிஞ்சினால் ‘துண்டு விழுகிறது’ என்கிறோம். இந்த இரண்டு வழக்குகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கண்டிச் சீமைக்குப் போன துண்டில் இரண்டும் இருந்தன, மறைவில் பேசிய விலையும் விழுந்துகொண்டே இருந்த கடனும்.

இலங்கைத் தோட்டத் துரைமார்கள் இந்தச் சொல்லை மொழிபெயர்க்கவில்லை. தங்கள் ஆங்கில அறிக்கைகளிலேயே ‘துண்டு’ என்றுதான் எழுதினார்கள். சீட்டுக்கு ‘சிட்’ என்ற சொல் அவர்கள் கையில் ஏற்கெனவே இருந்தது. ஆனாலும் அது போதவில்லை. வெறும் காகிதமாக இல்லாமல் தனக்கென விதியும் விலையும் கொண்ட ஏற்பாடாக அது மாறியிருந்ததால்தான் தமிழ்ச் சொல்லே தேவைப்பட்டது என்பது என் கணிப்பு.

அந்த ஏற்பாடு நடந்த விதத்தைச் சொல்கிறேன். ஆள் கட்டிக்கொண்டு போனவர் கங்காணி. கண்ணால் காண்பவர், மேற்பார்க்கிறவர் என்பது சொல்லின் பொருள். தலைக் கங்காணிக்குக் கீழே சில்லறைக் கங்காணிகள். ஊருக்கு வந்து ஆள் திரட்ட, வழிச்செலவுக்கு, ஆட்களின் பழைய கடனை அடைக்க என்று தோட்டம் அவருக்கு முன்பணம் கொடுக்கும். அது தோட்டக் கணக்கில் கங்காணி பேரில் ஏறும். கங்காணியின் நோட்டில் ஆட்கள் தலையில் இறங்கும். வேறு தோட்டத்துக்குப் போகக் கங்காணி நினைத்தால் துரையிடம் துண்டு கேட்பார். இந்தத் தொகையைக் கட்டினால் இந்தக் கங்காணியையும் இவருடைய இத்தனை ஆட்களையும் விடுவிக்கச் சம்மதம் என்று துரை எழுதிக் கொடுப்பார். அதுதான் துண்டு.

ஒரு பேச்சுக்கு, 40 ஆட்கள், தலைக்கு 30 ரூபாய் கடன் என்று வைத்துக்கொள்வோம். துண்டில் 1,200 ரூபாய் இருக்கும். ஆள் பற்றாக்குறையில் தவிக்கும் இன்னொரு தோட்டம் தலைக்கு 45 தருகிறேன் என்கிறது. 1,800 வாங்கி, பழைய தோட்டத்துக்கு 1,200 கட்டியது போக 600 கங்காணி மடியில். புதிய தோட்டத்தில் அந்த ஆட்களின் கடன் 1,800. அடுத்த துண்டு 1,800-இல் தொடங்கும். கொழுந்து கிள்ளியவர்களும் கவ்வாத்து வெட்டியவர்களும் ஒரு சல்லி கூடுதலாகக் கடன் வாங்காமலேயே கடன் ஏறிக்கொண்டிருக்கும். துண்டுக்கு அடியில் விரல் பிடித்தவர்கள் இருவர். விலை பேசப்பட்டவர்களுக்கு அது தெரியவே தெரியாது.

இந்தக் காகிதத்தில் என்ன எழுதவில்லை என்பதுதான் இன்று தேடுகிறவருக்கு முக்கியம். ஆளின் பெயரோ அப்பன் பெயரோ ஊரோ அதற்குத் தேவைப்படவில்லை. தலை எண்ணிக்கையும் தொகையும் போதும்.

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலை இதோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது. 1860 நவம்பர் 16-ஆம் நாள் சென்னையிலிருந்து போன ‘ட்ரூரோ’ கப்பல் 342 பேருடன் டர்பனில் சேர்ந்தது. அன்று தொடங்கி 1911 வரை நேட்டாலுக்குப் போன ஒப்பந்தத் தொழிலாளர் 1,52,184 பேர். இவர்களுக்குக் கப்பல் பட்டியல்கள் இருக்கின்றன. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, ஊர், உடம்பில் உள்ள மச்சம் தழும்பு வரை எழுதியிருக்கிறார்கள். தலைக்கு ஓர் எண். அந்த எண்ணைப் பிடித்தால் கொள்ளுப்பாட்டியின் ஊரைப் பிடித்துவிடலாம். எழுதிய குமாஸ்தாவின் காதில் விழுந்தபடி முனுசாமி ‘மூன்சாமி’ ஆகியிருப்பார், கவுண்டர் ‘கவெண்டர்’ ஆகியிருப்பார். வாய்விட்டு நான்கு முறை படித்தால் உள்ளே இருக்கும் தமிழ் வெளியே வந்துவிடும். மொரீஷியஸில் மோகா ஊரிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் குடியேறிகளின் புகைப்படங்களே இருக்கின்றன. அந்த ஏடுகள் அன்பினால் எழுதப்பட்டவை அல்ல. ஒப்பந்தக் காலம் முடியும் முன்னே ஓடினால் பிடிப்பதற்காக எழுதப்பட்டவை. பூட்டுக்காகச் செய்த சாவி இன்று பேரப்பிள்ளைகளுக்குக் கதவைத் திறக்கிறது.

இலங்கைக்குப் போனவர்களுக்கு அந்தச் சாவியும் இல்லை. கடல் கடந்து கூலிவேலைக்குப் போவதற்கு 1839-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அரசு போட்ட தடை, இலங்கைக்கு 1847-இல் நீங்கியது. நேட்டால், மொரீஷியஸ் போன்ற கரும்புக் காலனிகளுக்கு இருந்த ஒப்பந்தமும் பதிவும் இங்கே கிடையாது. திருச்சி, தஞ்சை, சேலம், மதுரை, இராமநாதபுரம் பக்கத்து ஊர்களிலிருந்து கங்காணி பின்னால் கரைக்கு நடந்தார்கள். தோணியில் மன்னார்ப் பக்கம் இறங்கினார்கள். அங்கிருந்து காட்டு வழியே தம்புள்ளை, மாத்தளை என்று மலைக்கு ஏறினார்கள். தண்ணீரில்லாமலும் வாந்திபேதியிலும் வழியில் விழுந்தவர்கள் ஏராளம். விழுந்தவர் பெயரை எழுத ஏடு கிடையாது. அவருடைய வழிச்செலவு மட்டும் கங்காணி கணக்கில் நின்றது.

மலையில் ஒரு பேரேடு இருந்தது, செக்ரோல். அதில் பெயர்கள் உண்டுதான். ஆனால் அங்கே பெயருக்கே பொருள் மாறிவிட்டது. மலையகத்தில் ‘பேர்’ என்றால் ஒரு நாள் சம்பளம். இன்றைக்குப் பேர் போட்டார்களா என்று கேட்டால், இன்றைய நாள் கணக்கில் சேர்ந்ததா என்று பொருள். கிள்ளிய கொழுந்தின் எடை குறைந்தால் ‘அரைப்பேர்’. ஒரு மனுஷியின் பெயரைப் பாதியாக வெட்டலாம் என்று மொழியே ஒப்புக்கொண்ட இடம் அது. இதை எழுதும்போதும் எனக்குக் கை நிற்கிறது.

தகரம் வந்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். வழிச்செலவை இந்தத் தோட்டம் கட்டும் என்று ரயிலுக்கும் கப்பலுக்கும் அடையாளம் காட்ட, தோட்டத்துக்கான குறியும் ஆளுக்கான எண்ணும் பொறித்த தகடு. ஆங்கிலத்தில் அதற்கு ‘டின் டிக்கெட்’. காகிதத் துண்டால் தோட்டம் தோட்டமாகக் கைமாறிப் பழகிய குடும்பத்தில், கழுத்தில் விழுந்த தகரத்துக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அம்மாயியின் வாயில் வந்தது பிழையல்ல. இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்தன என்று அவர் வீட்டு மொழி கண்டுபிடித்து வைத்திருந்தது. காகிதத் துண்டை 1921-இல் சட்டம் தடை செய்தது. சொல் இந்தப் பெட்டிக்குள் பிழைத்துக் கிடந்தது.

பிறகு காகிதம் கேட்கும் காலம் வந்தது. இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம் அப்பனோ, அல்லது பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்ததற்குச் சான்று கேட்டது. தலைமுறை தலைமுறையாகக் கடன் தொகை மட்டும் எழுதப்பட்டவர்களிடம் பிறப்புச் சான்று எங்கிருந்து வரும்? 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது 9,75,000 பேர் கணக்கில் இருந்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிற்பாடு என்று பிரித்தார்கள். இங்கேயும் எழுதப்பட்டவை தலைகள்தாம். அம்மாயி தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் குடும்ப அட்டை வாங்கினார். சொந்த ஊர் எது என்று கேட்டிருக்கிறார்கள். “தொறையூருப் பக்கம்” என்றாராம். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

‘பக்கம்’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு ஊர் தேட முடியாது. கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் நடுவே எத்தனை ஊர்கள்! கையிலிருந்த தகரத்து எண் ஒரு தோட்டத்தின் செலவுக் கணக்குக்குத்தான் போய்ச் சேரும், ஊருக்குப் போகாது. இரண்டு நாள் பேசிய பிறகுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது, முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

“அம்மாயி, உங்க குலசாமி எது?”

“பெரியண்ணசாமி. மூணு வேலு, ஒரு கல்லு. தாத்தா லயத்து வீட்டுக்குப் பின்னாடி தேயிலைக்குள்ள கல்லு நட்டுக் கும்பிடுவாரு. ஊர்க் கோயிலுக்குப் பக்கத்துல ரெட்டை இலுப்பை மரம்னு சொல்லுவாரு.”

பெரியண்ணசாமி அந்த வட்டாரத்தில் பல குடும்பங்களுக்குக் குலசாமி. அதனால் பேரனும் நானும் துறையூரில் தங்கிக்கொண்டு கோயில் கோயிலாகப் போனோம். ஆறாவது கோயிலில் இலுப்பை மரம் இல்லை. ஆனால் பூசாரி, “ரெட்டை இலுப்பையா? ஒண்ணு எங்க அப்பாரு காலத்துலயே விழுந்திருச்சு, இன்னொண்ணு ரோடு போட வெட்டிட்டாங்க” என்றார். பின்னால் அடிமரம் கிடந்தது. கண்டிக்குப் போனவர்கள் யாராவது உண்டா என்று கேட்டோம். “கண்டிக்காரன் வகையறான்னு ஒண்ணு இருந்துச்சுன்னு சொல்லுவாங்க. பங்காளி யாருன்னு எனக்குத் தெரியல. பெரியவங்க யாரும் இப்ப இல்ல” என்றார்.

அதுதான் அந்தக் குடும்பமா என்று உறுதியாகச் சொல்ல வழியில்லை. பேரன் வெகுநேரம் அடிமரத்தில் உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்துபோய், திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி எவ்வளவு என்று பூசாரியிடம் கேட்டான்.

“தலைக்கட்டுக்கு ஐந்நூறு. நீ வெளியூரு, குடுக்கணும்னு கட்டாயமில்லப்பா.”

அவன் கொடுத்தான். பூசாரி நோட்டைப் பிரித்துப் பெயர் கேட்டார், அப்பன் பெயர் கேட்டார், பாட்டன் பெயர் கேட்டார், மூன்றையும் மெதுவாக எழுதினார். ரசீதுப் புத்தகம் தீர்ந்துவிட்டது என்று நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழித்து, அதே மூன்று பெயரையும் தொகையையும் எழுதி நீட்டினார்.

“இந்தத் துண்ட பத்திரமா வச்சுக்க. அடுத்த வருசம் வந்து காட்டு.”