வாரக் கூலியும் மளிகைக் கடையும்: திருப்பூர்த் தொழிலாளர் குடியிருப்புகளில் சில்லறை வணிகத்தின் மாற்றம்

திருப்பூரின் மளிகை வணிகம் கடந்த அரை நூற்றாண்டில் அடைந்த மாற்றத்தைக் கடைகளின் பரப்பையோ சரக்கின் வகையையோ மட்டும் கொண்டு விளக்கிவிட முடியாது. பனியன் கம்பெனிகளில் கூலி எந்த நாளில் எந்த வடிவில் கைக்கு வந்தது என்பதும், அதைப் பெற்றவர் ஊரில் எவ்வளவு காலம் தங்குவார் என்று கடைக்காரர் போட்ட கணக்குமே அம்மாற்றத்தின் போக்கைப் பெரிதும் தீர்மானித்தன.

1920களில் பின்னலாடைத் தொழில் இங்கு வேர்கொண்டபோது திருப்பூர் ஒரு பருத்திச் சந்தை நகரம். சுற்றுவட்டாரக் கிராமத்தவர் சோளத்தையும் கம்பையும் சொந்தக் காட்டிலிருந்து பெற்று, உப்பு, மிளகாய், பருப்பு போன்றவற்றை வாரச் சந்தையில் வாங்கினர். 1978க்குப் பின் ஏற்றுமதி வளர, மதுரை, தேனி, திண்டுக்கல் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள் வேலம்பாளையம், அனுப்பர்பாளையம், மங்கலம் சாலைப் பகுதிகளின் லைன் வீடுகளில், அதாவது ஒரே கூரையின்கீழ் வரிசையாகக் கட்டப்பட்ட ஓரறை வாடகை வீடுகளில் குடியேறின. அவர்களுக்குக் காடும் இல்லை, தானியம் சேமிக்க இடமும் இல்லை. எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட் என்று கணக்கிடப்படும் இத்தொழிலில், காலை எட்டரைக்குத் தொடங்கி இரவு எட்டரைக்கு முடியும் ஒன்றரை ஷிப்ட் வேலையே வழக்கமாகிவிட்டதால், அவர்களுக்குச் சந்தைக்குப் போக நேரமும் இல்லை.

இவ்வெற்றிடத்தை நிரப்பியது, பெரும்பாலும் தென்மாவட்ட வணிகர்கள் நடத்திய, மக்கள் வழக்கில் அண்ணாச்சி கடை எனப்படும் தெருமுனை மளிகைக் கடையாகும். விடியலில் திறந்து இரவு வேலை முடிந்து வருவோர் வாங்கிச் செல்லும்வரை காத்திருந்த அக்கடை, ஐம்பது கிராம் பருப்பையும் பொட்டலம் கட்டித் தந்தது. வாங்கியதைப் பற்று நோட்டில், அதாவது வாடிக்கையாளரின் கடனைத் தேதிவாரியாகப் பதியும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டது. சனிக்கிழமை மாலை கூலி கிடைத்ததும் கணக்குத் தீர்க்கப்படும். மீதி அடுத்த வாரத்துக்கு ஏறும். புதிதாக வந்தவருக்கு வீட்டு உரிமையாளரோ அதே ஊர்க்காரர் ஒருவரோ சொன்ன சொல்லே பிணையாக இருந்தது. கடைக்காரரும் மொத்த வியாபாரியிடம் கடனுக்கே சரக்கு எடுத்ததால், தொழிலாளியின் வாரக் கூலி இச்சங்கிலி முழுவதையும் தாங்கி நின்றது. வட்டி என்ற பெயர் இல்லாவிடினும் விலையில் அது ஓரளவு அடங்கியிருந்தது என்பது உண்மையே. ஆயினும் காய்ச்சலில் ஒரு வாரம் படுத்தவரின் வீட்டில் அடுப்பெரியச் செய்த அந்த நோட்டைச் சுரண்டல் என்ற ஒற்றைச் சொல்லால் ஒதுக்குவது நியாயமாகாது.

இச்சங்கிலி எவ்வளவு மெல்லியது என்பதை 2011 சனவரி காட்டியது. நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த ஆணையால் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. சாயமேறிய துணி வராவிட்டால் தையலும் நிற்கும், தையல் நின்றால் சனிக்கிழமைக் கூலியும் குறையும். ஊரைவிட்டுப் போனவர்களின் பாக்கி வசூலிக்க வழியற்ற கடனாகிவிடும்.

டிபார்ட்மென்ட் ஸ்டோர் இந்தக் கடன் முறைக்கு மாறான அடிப்படையில் இயங்குகிறது. கொங்குப் பகுதியில் வளர்ந்த ஸ்ரீ கண்ணன் டிபார்ட்மென்ட் ஸ்டோர், 29 கிளைகளுடன் 2020இல் ரிலையன்ஸ் ரீடெய்ல் வசம் 152.5 கோடி ரூபாய்க்குச் சென்றது. இத்தகைய கடைகளில் விலை பெரும்பாலும் குறைவு. ஆனால் அக்குறைவு, மாதச் சம்பளத்தை மொத்தமாகப் பெற்று ஐந்து கிலோ, பத்து கிலோவென ரொக்கத்துக்கு வாங்க முடிந்தவருக்கே முழுமையாகப் பயன்படுகிறது. வாரக் கூலியைக் கொண்டு நாள்தோறும் வாங்குபவர் அதே பருப்புக்குக் கூடுதலாகக் கொடுக்க நேர்கிறது.

பீகார், ஒடிசா, சார்க்கண்ட் மாநிலத்தவரின் வரவு இவ்வேறுபாட்டை மேலும் கூர்மையாக்கியது. கடுகெண்ணெய், கோதுமை மாவு, வறுத்த கடலையை அரைத்த சத்து மாவு ஆகியவை தெருமுனைக் கடைகளுக்கு வந்துவிட்டன. ஆனால் பற்று நோட்டு அவ்வளவு எளிதில் அவர்களுக்குத் திறக்கவில்லை. திருவிழாவுக்கு ஊர் செல்பவர் திரும்புவாரா என்ற ஐயத்தில், கடைக்காரர் ரொக்கத்தையோ கைபேசி வழிப் பணத்தையோதான் விரும்புகிறார்.

நியாய விலைக் கடையும் இந்தக் குறையை முழுதாக ஈடுசெய்யவில்லை. 2007இல் தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தின்கீழ் தமிழகக் குடும்ப அட்டைதாரர்கள் துவரம் பருப்பைக் கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயிலை லிட்டர் 25 ரூபாய்க்கும் பெறுகின்றனர். 2011 சூன் முதல் அரிசியும் விலையின்றிக் கிடைக்கிறது. 2020 அக்டோபரில் தமிழகம் ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டைத் திட்டத்தில் இணைந்தபின் வெளிமாநிலத் தொழிலாளரும் தம் ஊர் அட்டையைக் கொண்டு இங்கேயே தானியம் வாங்க இயலும். எனினும் அத்திட்டம் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வரும் தானியங்களுக்கே பொருந்துவதால், மாநில மானியம் பெறும் பருப்பும் எண்ணெயும் அதில் சேரவில்லை. அவ்விரண்டையும் அவர்கள் தெருமுனைக் கடையில் முழு விலைக்கு, அன்றன்றைக்குத் தேவையான அளவில் வாங்கிவருகின்றனர்.