பெருக்கலின் வரிசையும் தூஸீயின் நிறுவலும்

நாமக்கல் கோழிப்பண்ணைகளிலிருந்து வெளியூர் செல்லும் முட்டை அட்டை ஒவ்வொன்றிலும் 30 குழிகள் உள்ளன. ஒரு புறமிருந்து நோக்கினால் ஐந்தைந்தாக ஆறு வரிசை. அட்டையைத் திருப்பி வைத்தால் ஆறாறாக ஐந்து வரிசை. முட்டை கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. பெருக்கப்படும் எண்கள் இடம் மாறினும் விடை மாறாது என்னும் பரிமாற்றுப் பண்புக்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டியதில்லை. யூக்ளிட் தம் நூலின் ஏழாம் பகுதியில் 16ஆம் தேற்றமாக இதனை நிறுவியுள்ளார். ஆயினும் அது எண்ணத்தக்க முழு எண்களுக்கு மட்டுமே உரியது.

சேலத்துச் சமவெளியில் ஒரு சதுர வயலைக் கருதுவோம். பக்கம் ஒரு கயிற்றளவு எனில் மூலைவிட்டம் 2இன் வர்க்கமூலம். கயிற்றை எத்தனை சமகூறுகளாக்கினாலும் அக்கூறுகளைக் கொண்டு மூலைவிட்டத்தை மிச்சமின்றி அளக்க இயலாது. இத்தகைய இரு நீளங்களைப் பெருக்குங்கால் அடுக்கி எண்ணுவதற்குக் குழிகள் ஏது? வடக்கு வரப்பிலிருந்து அளந்தாலும் கிழக்கு வரப்பிலிருந்து அளந்தாலும் வயலின் பரப்பு ஒன்றே என்பதை உழவர் அறிவார். ஆனால் அது நிலத்தைப் பற்றிய அறிவு, எண்ணைப் பற்றியதன்று. கிரேக்க வடிவியலில் இரு கோடுகளின் பெருக்கம் ஒரு செவ்வகமே; எண் அன்று.

இவ்வேலியைத் தாண்ட முற்பட்டவர் உமர் கய்யாம். அவரை ருபாயியாத் கவிஞராக மட்டுமே அறிந்தோர் நம்மிடையே மிகுதி. யூக்ளிடின் எடுகோள்களிலுள்ள இடர்ப்பாடுகளை ஆராய்ந்து ஹிஜ்ரி 470இல் (கி.பி. 1077) அவர் ஒரு நூல் எழுதினார். இரு அளவுகளின் விகிதத்தை, கோடு, பரப்பு முதலிய தோற்றங்களிலிருந்து பிரித்து, எண்ணைப் போல மனத்தாற் கொள்ளலாம் என்பது அதிற்கண்ட துணிவு.

அத்துணிவை முன்னெடுத்தவர் நஸீருத்தீன் அத்தூஸீ (ஹி. 597–672, கி.பி. 1201–1274). மராகா வானாய்வு நிலையத்தை நடத்திய அவர், 1260ஆம் ஆண்டளவில் ‘கிதாப் அஷ்ஷக்ல் அல்கத்தா’ என்னும் நூலை இயற்றினார். கோளத்தின் மேல் வரையப்படும் முக்கோணங்களே அதன் பொருள். சேலத்திலிருந்து கிப்லா நேர்மேற்கு அன்று. ஏறத்தாழ 20 பாகை வடக்கே சாய்ந்தது. இவ்வாறான கணக்குகளுக்கு வேண்டிய கலை அது. மெனலாஸின் தேற்றத்தில் ஒரு விகிதம் வேறிரண்டு விகிதங்களின் சேர்க்கையாக அமைகிறது. அவ்விரண்டில் எதனை முதலில் வைப்பது? எதனை வைப்பினும் ஒன்றே எனத் தூஸீ நிறுவினார். விகிதம் ஒவ்வொன்றும் எண்ணே என்றும் மொழிந்தார். மெய்யெண் பெருக்கலின் பரிமாற்றுப் பண்பு இங்கே, அப்பெயரின்றி, நிறுவப்பட்டது.

இதைக் கொண்டு ‘அனைத்தும் நம்மவர் கண்டதே’ என்று பெருமை பேசுதல் எனக்கு உடன்பாடன்று. தூஸீயின் நிறுவல் யூக்ளிடின் அளவுக் கோட்பாட்டின் மேல் நின்றது. எண்ணை வடிவியலின் துணையின்றி வரையறுக்கும் பணி எஞ்சியிருந்தது. அதனை வீண்வேலை என்பாரும் உளர். 1843இல் டப்ளினில் ஹாமில்டன் கண்ட நாற்கூற்று எண்களில் வரிசை மாறினால் விடையும் மாறும் என்பதை அவர்கள் நினைவிற் கொள்க. கண்ணுக்குத் தெளிவு என்பது நிறுவலாகாது.

எஞ்சிய பணியை ஜெர்மானியர் டெடகிண்ட் 1872இல் வெளியிட்ட சிறுநூலில் நிறைவேற்றினார். 2, 3 ஆகியவற்றின் வர்க்கமூலங்களைப் பெருக்கினால் 6இன் வர்க்கமூலம் கிடைக்கும் என்பதுகூட அதுவரை முறையாக நிறுவப்படவில்லை என்பது அவர் குறைபாடு. அவர் வழியின் சாரத்தை எளிய கணக்காகவே காட்டலாம். முதல் மூலம் 1.414க்கும் 1.415க்கும் இடைப்பட்டது, இரண்டாவது 1.732க்கும் 1.733க்கும் இடைப்பட்டது. எவ்வரிசையில் பெருக்கினும் விடை 2.449048க்கும் 2.452195க்கும் நடுவே அமையும். ஏனெனில் எல்லைகளாகிய இவை பின்னங்கள். பின்னங்களுக்கு முட்டை அட்டையின் நியாயமே போதும். தசம இலக்கங்களைக் கூட்டக் கூட்ட எல்லைகள் நெருங்குகின்றன. இரு விடைகளுக்கும் இடையே ஏதேனும் வேறுபாடு இருப்பின், எத்துணைச் சிறிதாயினும், ஒரு கட்டத்தில் எல்லைகளின் இடைவெளி அதனினும் சிறியதாகிவிடும். வேறுபாட்டுக்கு அங்கே இடமில்லை.